கேபிளா, கார்டு ரீடரா? லினக்ஸில் கேமராப் படங்களை இறக்க எந்த வழி

கேமராவை யூஎஸ்பி கேபிளில் செருகுகிறீர்கள். டெஸ்க்டாப்பில் கேமராவின் ஐகான் வந்து நிற்கிறது, ஃபைல் மேனேஜரில் திறந்தால் படங்கள்கூடத் தெரிகின்றன. சரி என்று ஷாட்வெல், டிஜிகேம் மாதிரி ஒரு புகைப்பட மென்பொருளைத் திறந்து இம்போர்ட் கொடுத்தால் கேமராவை அணுக முடியவில்லை என்று வருகிறது. கழற்றி மாட்டுகிறீர்கள், கேமராவை அணைத்துப் போடுகிறீர்கள், வேறு போர்ட்டில் செருகுகிறீர்கள். ஒரு தடவை வேலை செய்கிறது, அடுத்த தடவை செய்யவில்லை. முழுதாகக் கெட்டுப்போனதைக்கூடச் சரிசெய்துவிடலாம், இப்படி விட்டு விட்டு வேலை செய்கிற ஒன்றோடு மல்லுக்கட்டுவதுதான் கஷ்டம். பல வருடம் அப்படி மல்லுக்கட்டிவிட்டு, இப்போது நான் படம் இறக்கக் கேபிளைத் தொடுவதே இல்லை. ஆனாலும் கேபிள்தான் சரி என்கிற சூழ்நிலைகள் உண்டு, அதனால் இருக்கிற வழிகளையெல்லாம் ஒப்பிட்டு, எது எங்கே உடையும், உடைந்தால் எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். "இம்போர்ட்" என்கிற அந்த ஒரே பட்டனுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. கார்டில் இருக்கும் கோப்பைக் கணினியின் டிஸ்க்குக்கு நகலெடுப்பது ஒன்று. அந்த நகலைப் புகைப்பட மென்பொருள் தன் பட்டியலில் பதிந்து, சிறுபடம் உருவாக்கி, தேதிவாரியாக அடுக்குவது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய விட்டால், தோற்றுப்போகும்போது எது தோற்றது என்று தெரியாது. இரண்டாகப் பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை காணாமல் போகிறது, மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று தானே காட்டிக்கொடுக்கிறது. கீழே நான் எந்த வழியைச் சாய்ந்து பேசினாலும் காரணம் இதுதான்.

கேபிள் வழி

பழைய கேமராக்கள் பல, கேபிளில் செருகினால் பென் டிரைவ் போலவே நடந்துகொண்டன. இப்போது வரும் பெரும்பாலான கேமராக்கள் அப்படி இல்லை, பிடிபி என்கிற படப் பரிமாற்ற நெறிமுறையில் பேசுகின்றன. இது 2000-இல் தரநிலையாக வந்தது, பிறகு ஐஎஸ்ஓ 15740 ஆனது. ஃபோன்களில் பார்க்கும் எம்டிபி, இதன் மேல் மைக்ரோசாஃப்ட் கட்டிய நீட்சி. இதில் கணினிக்குக் கோப்பு அமைப்பு நேரடியாகக் கிடைப்பதில்லை. "உன்னிடம் என்ன இருக்கிறது, இந்தப் படத்தைக் கொடு" என்று கேமராவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். லினக்ஸில் அந்தக் கேள்வி பதிலைச் செய்வது லிப்ஜிஃபோட்டோ2 என்கிற நூலகம், அதாவது மற்ற நிரல்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. ஷாட்வெல், டிஜிகேம், டார்க்டேபிள், க்னோம் என்கிற டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜர் எல்லாமே கடைசியில் இதைத்தான் கூப்பிடுகின்றன.

சண்டை ஆரம்பிப்பதும் இங்கேதான். ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டுமே கேமராவைப் பிடித்துக்கொள்ள முடியும். நீங்கள் கேபிளைச் செருகிய உடனே க்னோம் பக்கத்து டெஸ்க்டாப்களில் ஜிவிஎஃப்எஸ் என்கிற பின்னணிச் சேவை முந்திக்கொண்டு கேமராவை மவுண்ட் செய்துவிடுகிறது, அதாவது ஃபைல் மேனேஜரில் தெரியும்படி இணைத்துவிடுகிறது. அப்புறம் வரும் மென்பொருள் கதவைத் தட்டினால் உள்ளே ஆள் இருக்கிறது. டெர்மினலில் ஜிஃபோட்டோ2 என்கிற, அதே நூலகத்தின் கட்டளை நிரலை ஓட்டிப் பார்த்தால், யூஎஸ்பி சாதனத்தைத் தன்வசம் எடுக்க முடியவில்லை என்ற செய்தியும் -53 என்ற பிழை எண்ணும் வரும். இந்த எண்ணைப் பார்த்தால் கேமராவையோ கேபிளையோ சந்தேகப்பட வேண்டாம், இரண்டும் நன்றாகவே இருக்கின்றன, வேறொரு நிரல் கையில் வைத்திருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஷாட்வெல் இதைத் தெரிந்துவைத்திருக்கிறது. கேமராவை அன்மவுண்ட் செய்யட்டுமா என்று அதுவே கேட்கும். மற்ற இடங்களில் ஃபைல் மேனேஜரில் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் வெளியேற்று குறியை நீங்கள்தான் அழுத்த வேண்டும். கேபிளைப் பிடுங்க வேண்டாம், அன்மவுண்ட் மட்டும் போதும்.

ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய அலுப்பாக இருந்தால், பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி வழியாக, பயனர் அளவில், ஜிவிஎஃப்எஸ்ஸின் ஜிஃபோட்டோ2 வால்யூம் மானிட்டர் சேவையை மாஸ்க் செய்துவிடலாம், அதாவது எழவே விடாமல் தடுத்துவிடலாம். வெறுமனே நிறுத்தினால் போதாது, தேவைப்படும்போது டெஸ்க்டாப் அதைத் திரும்ப எழுப்பிவிடும். ஏற்கெனவே மவுண்ட் ஆன கேமராவையும் இது விடுவிக்காது, அதை ஒரு முறை தனியாக அன்மவுண்ட் செய்ய வேண்டும். மாஸ்க் செய்தபின் ஃபைல் மேனேஜரில் கேமரா வராது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து "கேமரா தெரியவே இல்லை" என்று தேட ஆரம்பிப்பீர்கள்.

கேமரா எங்குமே தெரியவில்லை என்றால் அது வேறு நோய். டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பட்டியலில் கேமராவின் பெயர் இல்லையென்றால் மென்பொருளில் எதை மாற்றினாலும் பயனில்லை. கேபிள், போர்ட், கேமராவின் அமைப்பு இந்த மூன்றில் ஒன்று. கேபிளைத்தான் முதலில் மாற்றிப் பாருங்கள், ஏனென்றால் சார்ஜ் மட்டும் செய்கிற கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது, பார்வைக்கு மற்ற கேபிள் மாதிரியேதான் இருக்கும். அப்புறம் கேமரா மெனு. சோனி கேமராக்களில் யூஎஸ்பி இணைப்பு என்ற இடத்தில் மாஸ் ஸ்டோரேஜ், எம்டிபி, பிசி ரிமோட் என்று தனித்தனித் தேர்வுகள் இருக்கும். கணினியிலிருந்து ஷட்டரை இயக்க பிசி ரிமோட்டில் வைத்துவிட்டு மறந்துபோனால் படம் இறக்க முடியாமல் தவிப்போம். மாஸ் ஸ்டோரேஜ் தேர்வு இருக்கிற கேமராவாக இருந்தால் யோசிக்காமல் அதைத் தேர்ந்தெடுங்கள், கேமராவே கார்டு ரீடர் ஆகிவிடும், மேலே சொன்ன சண்டை எதுவும் இல்லை. சில கேமராக்களில் வைஃபை ஆன் ஆகியிருந்தால் யூஎஸ்பி வேலை செய்யாது, அதையும் அணைத்துப் பாருங்கள்.

எல்எஸ்யூஎஸ்பியில் தெரிகிறது, ஜிஃபோட்டோ2-வின் தானியங்கிக் கண்டறிதலிலும் தெரிகிறது, ஆனால் மாடல் பெயருக்குப் பதிலாகப் பொதுவாக "பிடிபி வகைக் கேமரா" என்று மட்டும் வருகிறதா? உங்கள் டிஸ்ட்ரோவில் (உபுண்டு, ஃபெடோரா மாதிரியான லினக்ஸ் தொகுப்பு) இருக்கும் லிப்ஜிஃபோட்டோ2, கேமரா வெளிவருவதற்கு முன்பே வந்த பதிப்பு, அவ்வளவுதான். படம் இறக்குவதற்கு இது பெரும்பாலும் தடையாக இருக்காது. எல்லா அனுமதியும் உள்ள ரூட் பயனராக ஓட்டினால் வேலை செய்கிறது, சாதாரணப் பயனராக ஓட்டினால் இல்லை என்றால் சாதனங்களை யார் தொடலாம் என்று சொல்லும் யூடெவ் விதிகளில் அனுமதி விடுபட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யுங்கள், மென்பொருளை நிரந்தரமாக ரூட்டாக ஓட்டும் பழக்கத்துக்குப் போகாதீர்கள், இறங்கும் படங்கள் எல்லாம் ரூட்டின் பெயரில் வந்து உட்கார்ந்து அடுத்த தலைவலியைக் கொடுக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் கேபிளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கேமராவைக் கணினியோடு கட்டி வைத்து, எடுக்க எடுக்கப் படம் பெரிய திரையில் விழ வேண்டும் என்கிற வேலைக்கு டார்க்டேபிளும் ஜிஃபோட்டோ2-வும் அருமையாக உதவுகின்றன, அதைக் கார்டு ரீடரால் செய்ய முடியாது. ட்ரைபாடில் பொருத்திய கேமராவின் கார்டு கதவைத் திறக்க முடியாத நேரத்திலும் கேபிள்தான். அப்படிப்பட்டவர்களுக்கு டெர்மினல் ஜிஃபோட்டோ2 நல்ல துணை: எல்லாப் படங்களையும் எடு, ஏற்கெனவே இருப்பதை விட்டுவிடு என்று இரண்டு தெரிவுகளைச் சேர்த்துக் கொடுத்தால், நடுவில் அறுந்தாலும் திரும்ப ஓட்டி விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கார்டு ரீடர் வழி

கார்டைக் கழற்றி ரீடரில் போட்டால் அது லினக்ஸுக்கு வெறும் டிஸ்க். நெறிமுறை பேச்சுவார்த்தை இல்லை, கேமராவின் மாடல் தெரிய வேண்டியதில்லை, எத்தனை நிரல்கள் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். கேமராவின் பேட்டரியும் தீராது. வேகத்திலும் வித்தியாசம் பெரிது: யூஎஸ்பி 2.0 போர்ட் உள்ள கேமரா, ஏட்டளவில் விநாடிக்கு 480 மெகாபிட் என்றாலும், நடைமுறையில் விநாடிக்கு 35 மெகாபைட் தாண்டுவது அரிது. 64 ஜிபி கார்டு நிறைந்திருந்தால் அரை மணி நேரம். யூஎச்எஸ்-1 என்கிற வேக வகை எஸ்டி கார்டின் உச்ச வரம்பு விநாடிக்கு 104 மெகாபைட், நல்ல யூஎஸ்பி 3 ரீடரில் 90 வரை வந்தால் அதே கார்டு பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். யூஎச்எஸ்-2 கார்டு வைத்திருப்பவர்கள் ரீடரும் யூஎச்எஸ்-2 தானா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் பழைய வேகத்தில்தான் ஓடும்.

இதிலும் சிக்கல்கள் வரும், ஆனால் வரும் சிக்கல்கள் நேர்மையானவை. ஒரே மாதிரி தோற்கும், காரணத்தைச் சொல்லும். கார்டைப் போட்டதும் எதுவும் தெரியவில்லையா, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுங்கள். கார்டு அதில் இருந்து, மவுண்ட் மட்டும் ஆகவில்லையென்றால் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் கதைதான். 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளின் தரநிலைக் கோப்பு அமைப்பு எக்ஸ்ஃபேட். அதன் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019 ஆகஸ்டில்தான் வெளியிட்டது. அதே ஆண்டு லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 5.4 பதிப்பில் முதல் டிரைவர் சோதனை நிலையில் நுழைந்தது, 2020-இல் 5.7-இல் சாம்சங் எழுதிய நல்ல டிரைவர் அதன் இடத்தைப் பிடித்தது. அதற்கு முந்தைய கர்னல் ஓடும் பழைய கணினி என்றால் எக்ஸ்ஃபேட்-ஃப்யூஸ் என்ற துணை நிரலை நிறுவ வேண்டும், புதியதில் எதுவும் வேண்டியதில்லை. எல்எஸ்பிஎல்கேயில்கூட அளவு பூஜ்யம் என்று வந்தால் ரீடர் பழையதாக, எஸ்டிஎக்ஸ்சி கார்டைப் புரிந்துகொள்ளாத தலைமுறையாக இருக்கலாம்.

படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டைப் பாருங்கள். அது நகர்ந்திருக்கவில்லையென்றால் கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவைப் படியுங்கள்: போன முறை முறையாகக் கழற்றப்படவில்லை, எஃப்எஸ்சிகே (கோப்பு அமைப்பைப் பழுது பார்க்கும் கட்டளை) ஓட்டுங்கள் என்ற மாதிரி ஒரு வரி இருக்கலாம். கோப்பு அமைப்பில் பிழை கண்டால் கர்னல் ஃபேட் கார்டைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிடுவது வழக்கம். உடனே எஃப்எஸ்சிகே ஓட்டிவிடாதீர்கள். படிக்க முடிகிறதல்லவா, முதலில் எல்லாவற்றையும் நகலெடுங்கள், பழுது பார்ப்பது அப்புறம். படிக்கும்போதே பிழை வருகிற கார்டு என்றால் டிடிரெஸ்க்யூ கொண்டு முழுக் கார்டையும் ஒரு இமேஜ் கோப்பாக எடுத்துவிட்டு அந்த இமேஜில் வேலை செய்யுங்கள்.

நகலெடுக்கும்போது தவிர்க்க வேண்டியது, டிசிஐஎம் கோப்புறையை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு முடிந்தது என்று நினைப்பது. படங்கள் அதில்தான் இருக்கும், ஆனால் வீடியோ எல்லாக் கேமராவிலும் அங்கே இருப்பதில்லை. ஏவிசிஎச்டி வீடியோவும், சோனியின் எக்ஸ்ஏவிசி எஸ் வீடியோவும் பிரைவேட் என்ற கோப்புறைக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கும். வெறும் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கார்டை அழித்துவிட்டு வீடியோவைப் பறிகொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கார்டின் உச்சியிலிருந்து முழுதாக எடுங்கள்.

இழுத்துப் போடுவதை விட ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை எனக்குப் பிடிக்கும். பாதியில் நின்றால் திரும்ப ஓட்டினால் போதும், விடுபட்டதை மட்டும் எடுக்கும். முடிந்த பிறகு செக்சம் ஒப்பிடும் தெரிவோடு இன்னொரு முறை சும்மா ஓட்டிப் பார்க்கலாம், மூலமும் நகலும் பைட்டுக்குப் பைட் ஒன்றா என்று அதுவே சொல்லிவிடும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் அன்றைய தேதியில் ஒரு புதிய கோப்புறை வையுங்கள், ஒரே கோப்புறையில் கொட்டாதீர்கள். காரணம் கேமராவின் எண் வரிசை. கேமராக் கோப்புகளுக்குப் பெயரிடும் டிசிஎஃப் விதிப்படி கோப்பின் எண் 0001-இல் தொடங்கி 9999 வரைதான், அதன் பிறகு மறுபடியும் 0001. ஐஎம்ஜி 0042 என்ற பெயரில் மூன்று வருட இடைவெளியில் இரண்டு வேறு வேறு படங்கள் வரும். இரண்டாவது முதலாவதின் மேல் எழுதிவிடலாம், அல்லது "ஏற்கெனவே இருக்கிறது" என்று புதியதை விட்டுவிடலாம், இரண்டுமே இழப்புதான்.

பெயரையே மாற்றிவிட விரும்பினால் ஃபில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் போதும், படம் எடுத்த நேரத்தைப் படத்துக்குள்ளிருந்து எடுத்துக் கோப்பின் பெயராக்கிவிடும். இதற்குக் கோப்பின் தேதியை நம்பக் கூடாது. ஃபேட் அமைப்பு எந்த நேர மண்டலம் என்று எழுதிவைப்பதில்லை, அதனால் கோப்பின் தேதி சில மணி நேரம் தள்ளித் தெரியலாம், இரவு எடுத்த படம் மறுநாள் கோப்புறையில் போய் விழும். படத்துக்குள் எழுதப்பட்ட எக்ஸிஃப் நேரம், கேமராவின் கடிகாரம் காட்டியபடியே அப்படியே இருக்கும்.

சரி, எந்த மென்பொருள்?

நகலெடுப்பதைப் பிரித்துவிட்டால் இந்தக் கேள்வி சுலபமாகிவிடுகிறது, ஏனென்றால் எந்த மென்பொருளும் இனி உங்கள் படங்களின் உயிரைக் கையில் வைத்திருக்கவில்லை. ஷாட்வெல்லில் கோப்புறையைச் சேர்க்கும்போது நகலெடுக்கவா, இருக்கும் இடத்திலேயே வைக்கவா என்று கேட்கும், இருக்கும் இடத்தில் என்று சொல்லுங்கள். டிஜிகேமின் ஆல்பம் கோப்புறைக்குள்ளேயே நகலெடுத்தால் அடுத்த முறை திறக்கும்போது அதுவே கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். பல்லாயிரம் படங்களுக்குக் குறிச்சொல் போட்டு வைப்பவர்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. டார்க்டேபிளில் "நூலகத்தில் சேர்" என்பதும் "நகலெடுத்து இம்போர்ட் செய்" என்பதும் தனித்தனித் தேர்வுகள், இதில்தான் புதியவர்கள் பலர் சறுக்குகிறார்கள். கார்டு ரீடரில் இருக்கும்போதே நேராகக் கார்டிலிருந்து "சேர்" கொடுத்துவிடுவார்கள், எல்லாம் அழகாகத் தெரியும், கார்டைக் கழற்றியதும் படங்களுக்குப் பதில் மண்டையோட்டுக் குறி வரும். படம் போய்விடவில்லை, டார்க்டேபிள் பதிந்துவைத்தது கார்டின் முகவரியை மட்டுமே.

நகலெடுப்பதையும் பெயர் மாற்றுவதையும் டெர்மினல் இல்லாமல் செய்ய வேண்டும் என்றால் டேமன் லின்ச் எழுதிய ரேபிட் ஃபோட்டோ டவுன்லோடர். இது படங்களைத் திருத்தாது, பட்டியல் போடாது, இறக்குவது மட்டுமே அதன் வேலை. இரண்டு மூன்று கார்டுகளை ஒரே நேரத்தில் இறக்கும், எக்ஸிஃப் நேரப்படி கோப்புறை அமைக்கும், இறக்கும்போதே இன்னொரு டிஸ்க்கில் காப்புப் பிரதியும் எழுதும். வீட்டில் மற்றவர்களுக்குக் கணினியில் படம் இறக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தால் நான் இதைத்தான் நிறுவிக் கொடுப்பேன்.

எந்த மென்பொருளானாலும் ஸ்னாப், ஃபிளாட்பேக் என்ற தொகுப்பு வடிவங்களில் நிறுவியிருந்தால் ஒரு எச்சரிக்கை. அவை வேலிக்குள் ஓடுபவை. ஃபைல் மேனேஜரில் கார்டு பளிச்சென்று தெரியும், மென்பொருளுக்குள் அந்தக் கோப்புறையே இருக்காது. ஸ்னாப்பில் ரிமூவபிள் மீடியா என்ற இணைப்பை நீங்களாகத்தான் கொடுக்க வேண்டும், தானாக வராது. ஃபிளாட்பேக்கில் ஃப்ளாட்சீல் என்ற நிரல் கொண்டு அனுமதியைப் பார்த்துத் திறந்துவிடலாம். உபுண்டுவில் கார்டு மீடியா கோப்புறையின் கீழும், ஃபெடோராவில் ரன் மீடியாவின் கீழும் மவுண்ட் ஆகும், அனுமதி கொடுக்கும்போது சரியான பாதையைக் கொடுங்கள்.

படம் இறங்கிவிட்டது, ஜேபெக் தெரிகிறது, ரா (கேமராவின் பதப்படுத்தாத மூலப் படம்) மட்டும் தெரியவில்லை என்ற புகாருக்கு இறக்குவதோடு தொடர்பே இல்லை. கேனான் 2018-இல் கொண்டுவந்த சிஆர்3 மாதிரியான புதிய வடிவங்களைப் பழைய மென்பொருள் பதிப்புகள் படிக்காது. கோப்பு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மென்பொருளைப் புதுப்பிக்கும் வரை அது அப்படியே காத்திருக்கும்.

வைஃபை வழியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எஃப்டிபி (கோப்பு அனுப்பும் நெறிமுறை) வசதி உள்ள கேமராக்கள் நேராகக் கணினிக்கு அனுப்பும், மற்றவை ஃபோன் செயலி வழியாகத்தான் வரும். பத்துப் படத்துக்குச் சரி, முழுக் கார்டுக்குப் பொறுமை போதாது, அந்தச் செயலிகளில் சில சிறிதாக்கிய ஜேபெக்கை மட்டுமே அனுப்பும்.

கடைசியாக, அழிப்பது. இறக்கி முடித்ததும் "கார்டிலிருந்து நீக்கவா?" என்று கேட்கும் பெட்டிக்கு எந்த மென்பொருளிலும் ஆமாம் சொல்லாதீர்கள். ஒரு முறை நான் சொன்னேன். டிஸ்க்கில் இடம் தீர்ந்துபோய்க் கடைசிச் சில டஜன் படங்கள் பூஜ்யம் பைட்டாக எழுதப்பட்டிருந்தன, அது எனக்குத் தெரிந்தபோது கார்டு காலி. கார்டில் அதன் பிறகு எதுவும் எழுதாமல் வைத்திருந்ததால் ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரலை ஓட்டி முக்கால்வாசியை மீட்க முடிந்தது. ஃபோட்டோரெக் கோப்பின் பழைய பெயரைத் திருப்பித் தராது, எக்ஸிஃப்டூல் வைத்துத்தான் நேர வரிசைக்குக் கொண்டுவந்தேன். மீதிக் கால்வாசியில் இருந்த முகங்கள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன. இப்போது இரண்டு கார்டுகளை மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன். இறக்கிய கார்டு, காப்பு டிஸ்க்கில் இரண்டாவது நகல் விழுந்ததைச் செக்சம் ஒப்பிட்டுப் பார்க்கும் வரை உறைக்குள் இருக்கும். அதன் பிறகு அதைக் கேமராவில் போட்டு, கேமராவின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்கிறேன்.